தூண் மெலிந்தால் பலம் ஏன் கூடுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

யூ.டி.எம். என்ற வலிமை சோதிக்கும் மெஷினில் செம்பு, நிக்கல் துண்டுகளை அழுத்தியிருக்கிறோம். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துண்டை அழுத்தினால் கணக்கே மாறும் என்கிறார்களே, நிஜமா? (ஓசூர் சிப்காட்)

நிஜம்தான். 2004-ல் உகிக், டிமிடுக், நிக்ஸ் குழுவினர் நிக்கல் ஒற்றைப் படிகத்தில் (அணுக்கள் முழுக்க ஒரே வரிசையில் அடுங்கிய துண்டில்) குட்டித் தூண்களைச் செதுக்கி, தட்டையான வைர முனையால் அழுத்தினார்கள். உலோகம் ஒன்றுதான், விட்டம் மட்டும் குறைந்தது. ஆனால் தூண் நிரந்தரமாக உருமாறத் தேவைப்பட்ட தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்ற விசை, ஏறிக்கொண்டே போனது. நிக்கல், தங்கம், செம்பு வகைகளில் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் பலம் ஏறக்குறைய நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது.

உங்கள் மெஷின் இதற்கு உதவாது. 1 மைக்ரான் விட்டமுள்ள தூணில் 500 மெகாபாஸ்கல் தகைவு வர 0.4 மில்லிநியூட்டன் விசை போதும். பதினைந்து கேழ்வரகு மணிகளின் எடை அவ்வளவுதான் இருக்கும். அதனால்தான் இவ்வளவு நுண்ணிய விசையில் அழுத்தி அளக்கும் நானோ இண்டென்டர் கருவி.

கிரெய்ன் சைஸைக் குறைத்தால் ஸ்டீல் பலமாகும் என்று ஹீட் ட்ரீட்மென்ட்டில் படித்தோம். இதுவும் அதுதானே? (கிருஷ்ணகிரி)

இல்லை. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். உலோகம் நிரந்தரமாக உருமாறுவது டிஸ்லொகேஷன் என்ற அணுவரிசைக் குறை நகர்வதால். ஸ்டீல் என்பது கிரெய்ன் எனும் குட்டிப் படிகங்களின் கூட்டம்; அவற்றின் எல்லைகள் அதை மறிக்கின்றன, அது அங்கே குவிந்து நிற்கிறது. தூணிலோ எல்லையே கிடையாது, சுற்றிலும் திறந்த பரப்பு. டிஸ்லொகேஷன் நகர்ந்து வெளியே போய்விடுகிறது. மறிக்க ஆளில்லாத இடத்தில் பலம் எப்படிக் கூடும் என்று கேட்டால், நகர்வதற்கு ஆளில்லை என்பதுதான் பதில்.

மைக்ரான் அளவில், புது டிஸ்லொகேஷன்களைப் பிறப்பிக்கும் ஊற்று தூணின் அகலத்தை விட நீளமாக இருக்க முடியாது. ஊற்று குட்டையானால் அதை இயக்கத் தகைவு அதிகம் வேண்டும். இன்னும் சிறிய தூணில், உள்ளே இருந்தவை பெருகுவதற்கு முன்பே பரப்பில் கரைந்துவிடுகின்றன. 2008-ல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள்ளேயே நிக்கல் தூணை அழுத்தியபோது, டிஸ்லொகேஷன் நிரம்பியிருந்த தூண் சுத்தமாகக் காலியானதைக் கண்ணாலேயே பார்த்தார்கள்.

என் கட்சி இதுதான்: அளவு தனியாக எந்த மாயமும் செய்வதில்லை. மாலிப்டினம் தூண்களை, வழக்கமாகத் தூண் வெட்டும் அயனிக்கற்றை படாமல், அமிலக் கரைப்பு முறையில் எடுத்தபோது, சிறிதோ பெரிதோ எல்லாமே கோட்பாட்டு வலிமைக்கு (குறையே இல்லாத படிகத்துக்குக் கணக்கிட்ட உச்ச வலிமைக்கு) அருகே நின்றன. முன்கூட்டியே கொஞ்சம் உருமாற்றி டிஸ்லொகேஷன்களை உள்ளே விட்டதும் பலம் இறங்கியது.

தூணை அழுத்தும்போது வரும் விசை-நகர்வு வரைபடம் வழவழப்பாக இல்லாமல் படிக்கட்டு மாதிரி வருகிறதே, சோதனை தப்பா? (தருமபுரி, பொறியியல் மாணவி)

தப்பில்லை, அதுதான் சங்கதி. டிஸ்லொகேஷன் நகரும்போது அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவுகின்றன. பெரிய துண்டில் கோடிக்கணக்கான நழுவல்கள் சேர்ந்து சராசரியாகி நேர்த்தியான கோடு வருகிறது. தூணில் நழுவல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். விசையைக் கட்டுப்படுத்தும் கருவியில் முனை திடீரென்று கீழே பாயும். நகர்வைக் கட்டுப்படுத்தினால் விசை பட்டென விழும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒப்பிடாதீர்கள்.

சோதனை முடிந்ததும் தூணின் பக்கவாட்டைப் பாருங்கள். சாய்வாகச் சீவி நகர்த்திய மாதிரி படிகள் தெரியும். நழுவுதளம் (அடுக்குகள் நழுவும் தளம்) அழுத்தும் திசைக்கு 45 பாகை அருகே இருந்தால் சீக்கிரம் நழுவும். ஆகவே படிகத்தின் திசையைக் குறிக்காத முடிவைப் பாதி முடிவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

காலியம் அயனிக்கற்றையால் வெட்டும்போது தூணே கெட்டுப்போகாதா? (பென்னாகரம்)

மேல்தோல் சில பத்து நானோமீட்டருக்குக் கெடும். 5 மைக்ரான் தூணில் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்; 200 நானோமீட்டர் தூணில் அதுவே பெரும்பங்கு. இன்னொரு தொல்லை: தூண் அடியில் பருத்து நுனியில் சிறுக்கும். நுனியில் தகைவு கூடி, அங்கேயே முதலில் நசுங்கிவிடும். உயரம் விட்டத்தைப் போல் இரண்டு மூன்று மடங்குக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கம்பி மாதிரி வளைந்துவிடும்.

நம்ம ஊர் கிரானைட்டும் இப்படி நடந்துகொள்ளுமா? (பர்கூர்)

கிரானைட் பல கனிமங்களின் கலவை, ஒரே படிகமாகப் பார்க்க முடியாது. ஆனால் நொறுங்கும் பொருளும் சிறுத்தால் குணம் மாறும். பெரிய சிலிக்கான் துண்டு அறைவெப்பத்தில் உடைந்து தெறிக்கும். சில நூறு நானோமீட்டர் தூணாக இருந்தால் உடையாமல் நசுங்கும்.