ஆர்டர் வாட்ஸப்பில் வரட்டும், நீங்கள் கடைக்குப் போய் வாருங்கள்

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டோடு சேர்ந்த சின்ன யூனிட்டில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார் பொடி அரைத்துச் சுற்றுவட்டார மளிகைக் கடைகளுக்குப் போடுகிறோம். முன்பு கணவர் வாரம் ஒருமுறை லைன் போவார், அதாவது கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பார். இப்போது ஆர்டர் வாட்ஸப்பில் வருகிறது, பணம் ஜிபேயில் வருகிறது, சரக்கை மட்டும் லோடு ஆட்டோவில் ஏற்றிவிடுகிறோம். பெட்ரோல் மிச்சம்தான். ஆனால் சில மாதமாக ஆர்டர் குறைந்துகொண்டே போகிறது, கேட்டால் 'ஓடலை' என்று ஒரே பதில். திரும்ப லைன் போகணுமா, இல்லை அந்தக் காசை இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் போடலாமா?"

போங்கள். ஆனால் பழைய மாதிரி ஆர்டர் எடுக்கப் போக வேண்டாம், அதை போன் நன்றாகவே செய்கிறது. ஆர்டர் ஏன் வரவில்லை என்று பார்த்துவரப் போங்கள், ஏனென்றால் அதை எந்தக் கடைக்காரரும் மெசேஜில் எழுத மாட்டார். அவர் எதையும் மறைக்கவில்லை, கடை முழுக்க சரக்கு அடுக்கி வைத்திருப்பவருக்கு உங்கள் ஒரு பாக்கெட் ஏன் நகரவில்லை என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது, அவ்வளவுதான்.

இதே 'ஓடலை' பதில் வந்த ஒரு கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேற்குப் பார்த்த வாசல். மிளகாய்த்தூள் சரம் முகப்பில் ஆணியில் தொங்குகிறது, சாயங்கால வெயில் நேராக அதன் மேல் விழுகிறது. உள்ளே இருப்பது தெரிகிற கவர். வெயில் பட்ட பாக்கெட்டெல்லாம் வெளுத்துச் செங்கல் பொடி மாதிரி கிடக்க, அதே பேட்ச் எண் உள்ள பாக்கெட் ஒன்று சுவர்ப் பக்கம் மறைந்திருந்தது மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. மிளகாயின் சிவப்புக்கு வெளிச்சம் ஆகாது, வெயிலில் வெளுத்துவிடும். வாங்க வந்த அம்மா ஒன்றைத் திருப்பிப் பார்த்தார், பழைய சரக்கு என்று நினைத்து வேறு கம்பெனி பாக்கெட்டை எடுத்துக்கொண்டார். தூளில் ஒரு குறையும் இல்லை, தொங்கவிட்ட இடம்தான் தப்பு. இதை வாட்ஸப்பில் யார் உங்களுக்குச் சொல்லப்போகிறார்கள்?

அதனால் கடைக்குள் நுழைந்ததும் முதலில் உங்கள் சரக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண் மட்டத்திலா, அரிசி மூட்டைக்குப் பின்னாலா? புதுச் சரக்கை முன்னால் வைத்துப் பழையதை உள்ளே தள்ளியிருக்கிறார்களா? பேக்கிங் தேதியைப் பாருங்கள். ஈரம் இறங்கிக் கட்டி தட்டிய பாக்கெட், எலி கடித்த பாக்கெட், தேதி முடியப்போகிற பாக்கெட் எது இருந்தாலும் முகம் சுளிக்காமல் நீங்களே எடுத்துக்கொண்டு மாற்றிக் கொடுங்கள். கெட்ட பாக்கெட் ஒன்று ஒரு வீட்டுக்குப் போனால் அந்தத் தெருவே உங்கள் பெயரைத் தள்ளிவிடும். கல்லாவில் இருப்பவரை விட, பொட்டலம் எடுத்துக் கொடுக்கிற பையனிடம் பேசுங்கள். "அக்கா, எல்லாரும் கால் கிலோ கேக்குறாங்க, உங்ககிட்ட நூறு கிராம்தானே இருக்கு" என்பது மாதிரியான தகவல் அவனிடம்தான் கிடைக்கும்.

நேரம் முக்கியம். காலை வியாபாரத்திலும் விளக்கு வைத்த பிறகும் போகாதீர்கள், மாத முதல் வாரம் வேண்டவே வேண்டாம், மாத லிஸ்ட் கட்டுகிற நேரத்தில் உங்களுக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். மத்தியானம் ஈயடிக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். ஆள் வைத்து அனுப்புவதை விட நீங்களோ கணவரோ போவது நல்லது, அரைக்கிறவரே வந்து நின்றால் "போன தடவை காரம் கம்மி" என்று மனசில் இருப்பதைச் சொல்வார்கள்.

பாக்கியைப் பற்றி ஒன்று. போனதும் பாக்கியில் ஆரம்பிக்காதீர்கள், அப்புறம் உங்கள் தலை தெரிந்தாலே உள்ளே போய்விடுவார்கள். சின்னக் கடைகளில் முகத்தைப் பார்த்தாலே பாதி பாக்கி வந்துவிடும். சூப்பர் மார்க்கெட் மாதிரி பெரிய இடம் இழுத்தடித்தால் கதை வேறு: நீங்கள் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது, தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். பதிவு இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள், ஆன்லைனில் இலவசம்தான்.

எல்லாக் கடைக்கும் வாரா வாரம் போகக் கட்டுப்படியாகாது. ஆர்டர் நின்றுபோன கடைகளுக்கு முதலில் போங்கள், அடுத்து குறைந்துகொண்டே வருகிற கடைகள். நன்றாக ஓடுகிற ஒன்றிரண்டு கடைகளையும் எட்டிப் பாருங்கள், அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் மற்ற கடைகளில் செய்யச் சொல்லப்போகிறீர்கள்.

இன்ஸ்டாகிராம் விளம்பரம் இப்போதைக்கு வேண்டாம். அதைப் பார்த்து ஒருவர் கடைக்குப் போய்க் கேட்டாலும் கையில் கிடைக்கப்போவது அந்த வெளுத்த பாக்கெட்டாக இருந்தால் என்ன பிரயோஜனம்? ஒரு சுற்று முடித்து, பழைய சரக்கையெல்லாம் மாற்றிவிட்டு, ஆர்டர் எழும்புகிறதா என்று இரண்டு மாதம் பாருங்கள். அதற்குப் பிறகும் கையில் காசு இருந்தால் விளம்பரத்தைப் பற்றிப் பேசலாம்.