கணினி கேள்வி-பதில்: கொழுந்துக் கணக்குக்கு எந்த டிரைவர்?

கேள்வி: அண்ணா, எங்கள் தோட்டத்துக் கொழுந்து நிறுவைக் கணக்கைப் பைத்தன் மொழியில் எழுதி மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஏற்றுகிறேன். இரண்டையும் இணைக்கும் டிரைவராகப் பைமைஎஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல்கிளையன்ட், எஸ்கியூஎல்அல்கெமி, இதில் எது வேகம்? மாலையில் ஒழுங்காக ஓடும் புரோகிராம் காலையில் முதல் பதிவிலேயே விழுந்துவிடுவதும் ஏன்?
(ஒரு வாசகி, டயகம)

பதில்: வேகம் கிடக்கட்டும் தங்கச்சி, காலையில் விழுவதை முதலில் பார்ப்போம். சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் வழக்கமாக 28,800 செக்கன்தான் பொறுக்கும், அதாவது 8 மணி நேரம். மாலை 5 மணிக்குப் புரோகிராமை மூடாமல் போய், காலை 6 மணிக்கு வந்தால் 13 மணி நேரம். சர்வர் எப்போதோ இணைப்பை அறுத்திருக்கும், புரோகிராமுக்குத் தெரியாது. இது எந்த லைப்ரரிக்கு மாறினாலும் போகாது. ஒவ்வொரு நிறுவைக்கும் இணைப்பைத் திறந்து, எழுதி, கமிட் செய்து (எழுதியதை நிரந்தரமாக்கி), மூடிவிடுங்கள்.

கமிட்டை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கண்டியில் ஒரு கடைக்கு எழுதிக்கொடுத்த முதல் புரோகிராமில் அதை மறந்தேன். ஒரு நாள் விற்பனை முழுவதும் காற்றோடு போனது. பைத்தன் டிரைவர்கள் தாமாகக் கமிட் செய்வதில்லை. கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பா மலையில் பென்சிலில் குறித்து, ஆபீசுக்கு வந்துதான் மையில் ஏற்றுவார். மையில் ஏறாத கிலோ சம்பளத்தில் வராது.

சரி, வேகம். மைஎஸ்கியூஎல்கிளையன்ட் சி மொழி லைப்ரரியின் மேல் நிற்பது. லட்சக்கணக்கான வரிகளை இழுக்கும்போது அதன் வேகம் தெரியும். 200 பேருக்கு நாளைக்கு மூன்று நிறுவை என்றால் 600 வரி, அதில் என்ன தெரியப்போகிறது? உங்கள் கணினிக்குத் தயாரான பொதி கிடைக்காவிட்டால் சி கம்பைலரைத் தேடி அலைய வேண்டும், அதுவும் மழைக்காலச் சிக்னலில்! பைமைஎஸ்கியூஎல் முழுக்கப் பைத்தன், பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடலாம். சர்வர் மைஎஸ்கியூஎல் 8 என்றால் பாஸ்வேர்டுக்காக கிரிப்டோகிராஃபி பொதியையும், அது கேட்பவற்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். டவுனுக்கு இரண்டாம் தடவை பஸ் ஏற வேண்டியிராது.

எஸ்கியூஎல்அல்கெமி இவற்றுக்குப் போட்டியே இல்லை, இவற்றில் ஒன்றின் மேல் ஏறி உட்காருவது. ஐந்தாறு டேபிள் தாண்டினால் யோசியுங்கள். அதில் பூல் ப்ரீ பிங் என்று ஒன்று உண்டு. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தரும்.

கேள்வி: மைஎஸ்கியூஎல்லில் ஏற்றிய தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிகின்றன.
(ஒரு வாசகர், பசறை)

பதில்: இணைப்பு, டேபிள் இரண்டிலும் எழுத்துமுறை யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். கேள்விக்குறியாகவே பதிவானவை இனித் திரும்பாது. பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், அப்புறம் தட்டச்சுதான்.