தென் அமெரிக்காவில் நான்கு தோழிகள்: ஓடாமல் ஊர் பார்க்க ஒரு திட்டம்

கேள்வி: நாங்கள் நான்கு பேர், கோவையில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். வருகிற நவம்பருக்குள் எல்லோருக்கும் ஐம்பது நிறைந்துவிடும். அந்த மாதம் வீட்டுக்காரர், பிள்ளைகள் யாரும் இல்லாமல் 15 நாள் தென் அமெரிக்கா போய்வர ஆசை. மச்சு பிச்சு, பொலிவியாவின் உப்புப் பாலைவனம், ரியோ, இகுவாசு அருவி, பியூனஸ் அயர்ஸ் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். ஒருத்திக்கு மூட்டு வலி. இன்னொருத்தி சைவம், கேக்கில் முட்டை இருந்தால் மட்டும் கண்டுகொள்ள மாட்டாள். இரண்டு பேரிடம் அமெரிக்க விசா இருக்கிறது. அடித்துப் பிடித்து ஓடாமல் நிதானமாகப் பார்க்க முடியுமா? பெண்கள் மட்டும் போவது பாதுகாப்புதானா?

பதில்: பார்க்க முடியும், நிதானமாக முடியாது. உங்கள் பட்டியலில் நான்கு நாடுகள் இருக்கின்றன. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தாலும், பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து பிரேசிலின் ரியோவுக்குப் பறப்பது சென்னையிலிருந்து துபாய் போவதைவிட நீண்ட பயணம். உயரம் வேறு இருக்கிறது. மச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் இறங்கும் குஸ்கோ 3,400 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். பொலிவியாவின் லா பாஸ் விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலே. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று நான்கு பேரில் ஒருவர் படுத்தாலும் மற்ற மூவருக்கும் அன்றைய நாள் போச்சு.

குழுக்களுக்குத் திட்டம் போடும்போது நான் முதலில் எண்ணுவது எத்தனை முறை பெட்டியைக் கட்டி அவிழ்க்கிறார்கள் என்பதைத்தான். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் அரை நாள் போகும். நான்கு தோழிகள் என்றால் முக்கால் நாள். உங்கள் பட்டியலை அப்படியே வைத்தால் 15 நாளில் பாதி விமான நிலையங்களில் கழியும். அதனால் என் பரிந்துரை ஒரே நாடு, அர்ஜென்டினா. பியூனஸ் அயர்ஸில் 5 இரவு, இகுவாசுவில் 2, ஆண்டிஸ் மலையடிவார ஊரான மெண்டோசாவில் 4, திரும்பும் முன் மறுபடி பியூனஸ் அயர்ஸில் 1. போக வர மூன்று நாள் வைத்தால் 15 சரியாக வந்துவிடும்.

நீங்கள் சொன்ன நவம்பர் அருமையான மாதம். அங்கே அப்போது வசந்தம். பியூனஸ் அயர்ஸின் தெருக்களில் ஜகரண்டா மரங்கள் ஊதாப் பூவாகக் கொட்டும் காலம். ஜனவரியில் போனால் வெயில் கொளுத்தும்; உள்ளூர்க்காரர்களே கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். நவம்பர் 20-ஐ ஒட்டி ஒரு தேசிய விடுமுறை உண்டு. அதைப் பெரும்பாலும் திங்கட்கிழமைக்கு மாற்றி நீண்ட வார இறுதியாக்கிவிடுவார்கள். அந்த நாட்களில் உள்நாட்டு விமானமும் இகுவாசு விடுதிகளும் நிரம்பி வழியும். அப்போது நீங்கள் தலைநகரில் இருப்பதுபோலத் தேதியை அமைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று விசா. செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குத் தனி விசா தேவையில்லை என்று அர்ஜென்டினா 2025 ஆகஸ்டில் அறிவித்தது. விசா இல்லாத இரண்டு தோழிகள் டெல்லியில் உள்ள தூதரகம் அல்லது மும்பையில் உள்ள துணைத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் நான்கு பேருமே கிளம்பும் முன் தூதரகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த இரண்டு பேருக்கும் விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத எதையும் பதிவு செய்ய வேண்டாம். நான்கு பேர் பயணத்தில் இரண்டு பேர் மட்டும் போய் வந்தால் நட்பில் கீறல் விழும்.

இரண்டாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அந்த நோய் பரவும் நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் அர்ஜென்டினாவும் உண்டு. ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்து 6 நாள்வரை தனிமைப்படுத்த முடியும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். இந்த ஊசி எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முட்டை ஒவ்வாமை, நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை இதெல்லாம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு வலிக்குத் தோழி என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது இங்கே முக்கியம். வாத நோய்க்குத் தரும் சில மருந்துகள் இந்த ஊசிக்கு ஒத்துவராது.

விமானத்துக்கு வளைகுடா வழியாகப் போய் சாவ் பாவ்லோவிலோ ரியோவிலோ நின்று போகும் தடங்களைப் பாருங்கள். பியூனஸ் அயர்ஸ் வரை ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். இரண்டாகப் பிரித்து வாங்கினால் பிரேசிலில் வெளியே வந்து பெட்டி எடுக்க நேரிடலாம், அதற்கு பிரேசில் விசா வேண்டும். பயணம் மொத்தம் ஒன்றேகால் நாளுக்கு மேல் ஆகும். இந்திய நேரம் அவர்களுடையதைவிட எட்டரை மணி நேரம் முன்னால். இறங்கிய அன்று குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவதைத் தவிர எதையும் திட்டமிடாதீர்கள்.

பியூனஸ் அயர்ஸில் ஓட்டலுக்குப் பதில் ரெக்கோலெட்டா பகுதியில் நான்கு படுக்கையறை, இல்லாவிட்டால் குறைந்தது மூன்று உள்ள ஒரு அடுக்குமாடி வீடு எடுங்கள். பலெர்மோ பகுதியும் அழகுதான், ஆனால் அதன் உணவகத் தெருக்களில் நள்ளிரவுக்கு மேலும் சத்தம் ஓயாது. லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். குறட்டை விடும் தோழிக்குத் தனி அறை என்பதையும் கோவையிலேயே பேசி முடித்துவிடுங்கள். சிரிப்பாகத் தெரியும், ஆனால் குழுப் பயணங்களில் முதல் சண்டை பெரும்பாலும் தூக்கத்தில்தான் தொடங்குகிறது. நீங்கள் ஓட்டலையே விரும்பினால் ஒரு லாபம்: வெளிநாட்டவர் வெளிநாட்டு அட்டையில் அறை வாடகை செலுத்தினால் 21 சதவீத வரி விலக்கு உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

ஐந்து இரவை எப்படிச் செலவழிப்பது? ஒரு நாளைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். பழைய துறைமுகமான புவேர்ட்டோ மதேரோவில் ஒரு மாலை நடங்கள். சமதளம், மூட்டு வலிக்காரருக்கு ஏற்றது. அங்கே தெருக்களுக்கெல்லாம் பெண்களின் பெயர்தான். செசிலியா கிரியர்சன் 1889-இல் அர்ஜென்டினாவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண். ஜூலியெட்டா லான்டெரி, பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத 1911-இல் சட்டத்தின் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு வாக்களித்தவர். அசுசேனா வில்லாஃபுளோர், ராணுவ ஆட்சியில் காணாமல்போன மகனைத் தேடிப் புறப்பட்டு, பிளாசா தே மாயோ அன்னையர் இயக்கத்தைத் தொடங்கி, 1977 டிசம்பரில் தானே கடத்தப்பட்டவர். அந்த அன்னையர் 1977-இலிருந்து வியாழன்தோறும் பிற்பகல் மூன்றரை மணிக்கு அந்தச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கிறார்கள். ஒரு வியாழக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள். வேடிக்கை பார்க்கப் போவதாக நினைக்காமல் ஓரமாக நின்று பாருங்கள்.

இன்னொரு நாள் ரெட்டிரோ நிலையத்திலிருந்து டிக்ரேவுக்கு ரயில். ஆறு பல கிளைகளாகப் பிரியும் ஊர், படகில் சுற்றலாம். வழியில் சான் இசிட்ரோவில் இறங்கினால் எழுத்தாளர் விக்டோரியா ஒக்காம்போவின் வீட்டைப் பார்க்கலாம். தாகூர் 1924-இல் பெருவுக்குப் புறப்பட்டவர், உடல்நலம் குன்றி பியூனஸ் அயர்ஸில் நின்றுவிட்டார். ஒக்காம்போ ஏற்பாடு செய்த ஒரு வீட்டில், இதே சான் இசிட்ரோவில், ஆற்றைப் பார்த்தபடி இரண்டு மாதம்போல இருந்தார். பெருவுக்குப் போகவே இல்லை! பட்டியலைக் குறைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் தோழியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சாப்பாடு உங்களைத் திணறடிக்கப் போவது நேரத்தால். இரவு உணவகங்கள் எட்டரைக்குத்தான் திறக்கும், ஒன்பதரைக்கு மேல்தான் களைகட்டும். ஏழரைக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் உள்ளூர் வழக்கத்தைப் பின்பற்றலாம்: மாலை ஐந்து, ஆறு மணிக்கு ஒரு கஃபேயில் காபி, ரொட்டி என்று கனமான சிற்றுண்டி. அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினாலும் பில்லை நீட்டி எழுப்ப மாட்டார்கள். நீங்கள் கேட்டால்தான் பில் வரும். தோழிகளோடு போகிற பயணத்துக்கு இதைவிட நல்ல பழக்கம் எந்த ஊரில் கிடைக்கும்?

மாட்டிறைச்சி நாடு என்று சைவத் தோழி பயப்பட வேண்டாம். இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் ஏராளம், அதனால் பாஸ்தா, பீட்சா தெருவுக்குத் தெரு. வெங்காயமும் சீஸும் வைத்த ஃபுகஸெட்டா பீட்சா, அதோடு சேர்த்து உண்ணும் கடலை மாவு ஃபைனா, சோளம் வைத்த உமிட்டா எம்பனாடா எல்லாம் கேட்டுச் சாப்பிடலாம். தித்திப்புக்கு தூல்சே தே லெச்சே: நம் திரட்டுப்பாலை இளக்கி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு இடத்தில் கவனம். மெதியாலூனா என்ற பிறை வடிவ ரொட்டியில் இரண்டு வகை: ‘மந்தேகா’ என்றால் வெண்ணெய், ‘கிராசா’ என்றால் மாட்டுக் கொழுப்பாக இருக்கும். அடுத்து, இறைச்சி வேண்டாம் என்றால் பன்றித் தொடையைப் போட்டுக் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் அது இறைச்சியில் சேராது. “சின் கார்னே, சின் போஷோ, சின் ஹமோன்” என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்: மாடு, கோழி, பன்றி வேண்டாம். வீட்டில் சமைக்க அரிசி, பருப்பு ‘தியேத்தேத்திகா’ எனப்படும் சிறு கடைகளில் கிடைக்கும்.

இகுவாசுவில் அர்ஜென்டினா பக்கம் மட்டும் போதும். எதிர்க்கரைக்கு பிரேசில் விசா வேண்டும். பூங்காவுக்குள் சிறு ரயில் ஓடுகிறது. மேல் சுற்றுப்பாதை பெரும்பாலும் சமமான நடைபாலம் என்பதால் மூட்டு வலிக்காரர் அதைத் தாராளமாக முடிக்கலாம். படிகள் நிறைந்த கீழ்ச் சுற்றுப்பாதையை அவர் விட்டுவிடட்டும், தூக்கிப்போடும் படகுச் சவாரியையும்தான். கோவாட்டி என்ற நீள்மூக்கு விலங்குகள் கையில் இருக்கும் தின்பண்டத்தைப் பறிக்கும், கடிக்கவும் செய்யும்.

மெண்டோசாதான் இந்தப் பயணத்தின் ஓய்வு. மர நிழல் படர்ந்த அகலத் தெருக்கள், மதியம் ஒன்றிலிருந்து ஐந்துவரை கடையடைப்பு, தூரத்தில் பனி மூடிய ஆண்டிஸ். ஓட்டுநரோடு ஒரு கார் அமர்த்திக்கொண்டு திராட்சைத் தோட்டங்களில் நீண்ட மதிய உணவு. மது தொடாதவர்களுக்கு பக்கத்து ஊரான மைப்புவில் ஆலிவ் எண்ணெய் ஆலைகள் உண்டு. ஒரு நாள் கச்செயூட்டா வெந்நீர் ஊற்று. மூட்டுக்காரர் அன்று உங்களை வாழ்த்துவார். அகோன்காகுவா சிகரத்தை (6,961 மீட்டர்) தூரத்திலிருந்து பார்க்க ஒரு நாள் பயணம் போகலாம், அதற்கு மேல் கணவாய் உச்சிவரை ஏற வேண்டாம். தெருவோரம் திறந்த பாசனக் கால்வாய்கள் ஓடும். இரவில் கால் வைக்கும்முன் பாருங்கள். பையில் பழம் எடுத்துப் போகாதீர்கள். பழ ஈ வராமல் தடுக்க மெண்டோசா மாகாணத்துக்குள் பழங்களை விடமாட்டார்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, சென்னையில் தனியாக ஆட்டோ ஏறிப் பழகியவர்களுக்கு பியூனஸ் அயர்ஸ் புதிதாக எதையும் கற்றுத்தரப் போவதில்லை. அங்கே தொல்லை திருட்டு. பைக்கில் வந்து போனைப் பறிப்பார்கள். நடைபாதைக் கஃபேயில் மேசைமேல் போனை வைக்காதீர்கள். உங்கள் சட்டையில் எதையாவது கொட்டிவிட்டு, துடைத்துவிட வரும் ‘நல்லவர்களிடம்’ நிற்காமல் நடையைக் கட்டுங்கள். லா போக்கா பகுதியின் வண்ண வீடுகளைப் பகலில் மட்டும் பாருங்கள், அங்குள்ள காமினிட்டோ தெருவைத் தாண்டி உள்தெருக்களுக்குப் போகாதீர்கள். இரவில் செயலி வழியாக வண்டி. அவசரத்துக்கு 911, பெண்கள் மீதான வன்முறைக்குத் தனி உதவி எண் 144. ஃப்ளோரிடா தெருவில் ‘காம்பியோ’ என்று கூவிக் கூப்பிடுபவர்களிடம் பணம் மாற்றாதீர்கள்.

பணப் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும்: பொதுப் பணம் ஒரு பையில், தீர்ந்தால் எல்லோரும் சமமாகப் போட வேண்டும். மெண்டோசாவில் ஒரு நாள் நான்கு பேரும் தனித்தனியாக, விருப்பப்படி. ஒருத்தி தூங்கட்டும், ஒருத்தி கடைத்தெரு போகட்டும். அதைக் கோபமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முன்பே பேசிவிடுங்கள்.

இன்னும் ஒரு சங்கதி. பியூனஸ் அயர்ஸில் விமான நிலையம் இரண்டு: வெளிநாட்டுக்கு எசெய்சா, உள்நாட்டுக்குப் பெரும்பாலும் ஏரோபார்க்கே. நகரின் இரு முனைகள். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவதானால் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். கடைசி இரவைத் தலைநகரில் வைக்கச் சொன்னது இதனால்தான்.

மச்சு பிச்சுவை விடவே மாட்டேன் என்று ஒருத்தி அடம்பிடித்தால், அதைத் தனிப் பயணமாக, மழை குறைந்த மே முதல் செப்டம்பருக்குள் வையுங்கள். குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல் நேரே கீழே புனிதப் பள்ளத்தாக்குக்குப் போய் முதல் இரண்டு இரவையும் அங்கே கழியுங்கள். குஸ்கோவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.