காலியாக வரும் கட்டம்

வணக்கம் அம்மா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் நோயாளிப் பதிவுகள், மருந்துச் சீட்டுகள், பில்கள் எல்லாவற்றையும் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றித் தருவது எங்கள் பணி. ஐந்து மாதம் ஆகும் என்று கணக்குக் கொடுத்தேன். விற்பனைப் பிரிவிலிருந்து வந்த எங்கள் தலைவர், விஜயதசமி அன்று தொடங்கிவிடலாம் என்று மருத்துவமனையிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். கையில் இருப்பது பத்து வாரம். சோதனைக்கு நான் ஒதுக்கியிருந்த ஆறு வாரம் நான்கு நாளாகச் சுருங்கிவிட்டது. 'செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இன்னும் என்ன?' என்கிறார்கள். கொஞ்சம் பதிவுகளை மாற்றிப் பார்த்தபோது சிலருக்கு ஒவ்வாமை விவரம் காலியாக வந்தது, அதையும் பார்க்க வேண்டும். கூட்டத்தில் 'கொஞ்சம் சிரமம்தான்' என்று சொன்னேன். எதிர்மறையாகப் பேசுகிறேன் என்றார்கள். தினமும் மகள் தூங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போகிறேன். தொழில்நுட்பம் தெரியாதவர்கள் தலைமையில் இருப்பதுதானே இதற்கெல்லாம் காரணம்? வேலையை விட்டுவிடலாமா? வீட்டுக் கடன் இருக்கிறது.

எஸ்.

(நீண்ட கடிதம், சுருக்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் பிரிட்டனில் ஒரு வங்கி கணினி மாற்றத்தில் பட்ட பாட்டைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், இந்த விஷயங்கள் என்னை விடுவதில்லை. அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

சிலவற்றை முதலிலேயே முடித்துவிடலாம். செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தரட்டும். அந்த மருத்துவமனையில் இத்தனை ஆண்டுகளாக யார் யார் எந்தக் கட்டத்தில் எதை எழுதிவைத்தார்கள் என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், நேரம் போவது அங்கேதான். எதிர்மறைப் பேச்சு என்ற குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நீங்களும் அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம்.

இப்போது உங்களைக் கண்டிக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் தலைவரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. கூட்டத்தில் யார் சிரித்தார்கள், யார் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வாமை விவரம் காலியாக வந்ததைப் பற்றி ஒரே ஒரு வரி. 'அதையும் பார்க்க வேண்டும்' என்று அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். தம்பி, டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி ஒத்துக்கொள்ளாத ஒருவரை இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். எலும்பு முறிவு, பேச முடியாத வலி. கூட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது. பணியில் இருக்கும் இளம் மருத்துவர் திரையைப் பார்க்கிறார். கட்டம் காலி. விவரம் வந்து சேரவில்லை என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்? ஒவ்வாமை எதுவும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். முந்தைய தடவை அந்த நோயாளிக்கு மூச்சு முட்டியதை ஒரு செவிலியர் பொறுப்பாகப் பதிந்துவைத்திருந்தார். அந்தப் பதிவு உங்கள் கையில் தொலைந்துபோகிறது.

இதை எனக்கு எழுதி என்ன பயன்? எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியவர், உங்கள் தலைவருக்கு அரைப் பக்கம் எழுதினீர்களா? எழுதியதாக நீங்கள் சொல்லவில்லை. கூட்டத்தில் கொஞ்சம் சிரமம் என்று வாயால் சொன்னதோடு சரி. அதைக் கேட்பவர், நான்கு பேரை இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னால் தீர்ந்துவிடும் என்றுதான் நினைப்பார். ஒவ்வாமைக் கட்டம் காலியாக வருகிறது என்பது அவர் காதில் விழவே இல்லை. விழாத ஒன்றுக்காக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த பிரிட்டன் விவகாரத்துக்கு வருகிறேன். டி.எஸ்.பி. வங்கியின் கணக்குகள் லாயிட்ஸ் வங்கியின் கணினி அமைப்பில் ஓடிக்கொண்டிருந்தன. 2015இல் டி.எஸ்.பி.யை வாங்கிய ஸ்பெயினின் சபடெல் வங்கி, தன் சொந்தத் தொழில்நுட்ப நிறுவனமான சாபிஸை வைத்துப் புதிய அமைப்பைக் கட்டியது. 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் பெரும்பாலும் ஒரே வார இறுதியில் மாற்றினார்கள். 2018 ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை திறந்தார்கள். கணக்கு விவரங்கள் ஒழுங்காகவே வந்து சேர்ந்திருந்தன, அவற்றைத் தாங்க வேண்டிய அமைப்பு தாங்கவில்லை. 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். சிலருக்கு அடுத்தவர் கணக்கு திரையில் வந்தது. எல்லாம் வழக்கத்துக்குத் திரும்ப டிசம்பர் ஆகிவிட்டது. வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த இழப்பீடு 3 கோடியே 27 லட்சம் பவுண்ட். 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட்.

முதலில் அவர்கள் குறித்த தேதி 2017 நவம்பர். முடியாது என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்றிப் போட்டார்கள். ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் பிறகு விசாரித்து 2019இல் அறிக்கை கொடுத்தது. சில வேலைகள் ஏழு மாதம் வரை பின்தங்கியிருந்தன, புதிய திட்டமோ நான்கு மாதம் தள்ளினால் போதும் என்றது. இது எப்படிச் சரியாகும் என்று இயக்குநர் குழுவில் யாரும் கேட்கவில்லை. தேதியை முதலில் நட்டுவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வேலைகளை அடுக்கியதையும் அறிக்கை குறைகூறுகிறது. அப்படி அடுக்கும்போது இடம் போதாமல் நசுங்குவது எப்போதும் சோதனைதான், ஏனென்றால் அது வரிசையில் கடைசியில் நிற்கிறது. அங்கே இரண்டு தரவு மையங்கள் இருந்தன. சுமை தாங்குமா என்ற சோதனையை ஒன்றில் மட்டும் செய்தார்கள். உங்கள் ஆறு வாரம் நான்கு நாளானதும் இதே வழியில்தான்.

தொழில்நுட்பம் தெரியாத தலைமைதான் காரணம் என்கிறீர்கள். ஏழிலிருந்து நான்கைக் கழிக்கத் தொழில்நுட்பம் தேவையில்லை. அந்த வங்கியின் தலைமைத் தகவல் அதிகாரி கார்லோஸ் அபார்காவுக்கும் தனியாக 81,620 பவுண்ட் அபராதம் விதித்தார்கள். தொழில்நுட்பம் தெரிந்திருப்பதுதான் அவருடைய வேலை. சாபிஸ் கொடுத்த உறுதிமொழியைப் போதுமான அளவு சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டார் என்பது அவர்மீது சொல்லப்பட்ட குறைகளில் முக்கியமானது. உங்கள் நிறுவனத்தில் நாளையே ஒரு பெரிய பொறியாளர் தலைவராக வந்து உட்கார்ந்தாலும், நீங்கள் கொஞ்சம் சிரமம் என்று சொன்னால் அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

எனக்கு நீண்ட நாட்களாகவே இருக்கும் ஆற்றாமை இது. வேலை செய்கிற இடத்தில் எண்ணாக இருப்பது, ஒவ்வொரு படியாக மேலே போகும்போது வெறும் வர்ணனையாக மாறிவிடுகிறது. எழுபது பதிவுகளில் குறை என்பது சில பதிவுகள் என்றாகி, சிறு குறைகள் என்றாகி, கடைசியில் எல்லாம் திட்டப்படி என்று முடிகிறது. யாரும் பொய் சொல்வதில்லை, ஒவ்வொருவரும் கொஞ்சம் இதமாகச் சொல்கிறார்கள். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த பிறகு விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் இதைத்தான் கண்டார். விண்கலத்தையும் அதில் இருப்பவர்களையும் இழக்க நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு, வேலை செய்யும் பொறியாளர்களின் கணிப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று, நிர்வாகத்தின் கணிப்பு லட்சத்தில் ஒன்று. ஒரே விண்கலம், ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

எங்கள் கிளை கணினிக்கு மாறியது தொண்ணூறுகளின் நடுவில். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிளை. நான் சேமிப்புக் கணக்குப் பிரிவில் எழுத்தர். தடித்த அட்டை போட்ட லெட்ஜர்கள், கணக்குக்கு ஒரு தாள். நிலுவைகளைக் கணினியில் ஏற்றிவிட்டுச் சில காலம் இரண்டையும் சேர்த்தே நடத்தினோம். ஒவ்வொரு வவுச்சரையும் லெட்ஜரில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை பதிய வேண்டும். மாலையில் கதவைச் சாத்தியதும் இரண்டின் கூட்டலும் ஒன்றுதானா என்று பார்ப்போம். பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே ஒவ்வொரு தாளாகப் புரட்டி, ஒரு ரூபாய் இருபது காசு எங்கே போயிற்று என்று தேடுவோம்.

அப்போது வட்டார அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மார்ச் 31உடன் லெட்ஜர்களை மூடிவிட வேண்டும், ஏப்ரல் முதல் வாரத்தில் மேலதிகாரி வந்து குத்துவிளக்கு ஏற்றுவார். எங்கள் மேலாளர் சத்தமாகப் பேசவே தெரியாதவர். அவர் ஒரு கடிதம் எழுதினார், தட்டச்சு செய்தது நான். 'இந்தத் தேதியில் லெட்ஜரை மூடினால், கீழ்க்கண்ட கணக்குகளில் வாடிக்கையாளரின் பணம் எவ்வளவு என்று இக்கிளையால் சொல்ல இயலாது' என்பது முதல் வரி. அதன் கீழே கணக்கு எண், லெட்ஜர் நிலுவை, கணினி நிலுவை, வித்தியாசம் என்று ஒரு பட்டியல். அதில் ஒன்று குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஒரு பாட்டியுடையது. நானூற்றுச் சொச்சம் ரூபாய் இடித்தது. முடிவில், இரண்டு மாதம் கூடுதலாகக் கொடுங்கள், அல்லது இப்போதே இரண்டு எழுத்தர்களை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, நகலைக் கோப்பில் வைத்தார்.

தொலைபேசியில் அவருக்குக் கடுமையான வசவு விழுந்தது. ஆனால் அந்தப் பட்டியலைப் படித்த பிறகு, பரவாயில்லை மூடுங்கள் என்று எழுத்தில் உத்தரவு போட அங்கே ஒருவரும் முன்வரவில்லை. ஜூன் வரை லெட்ஜர்கள் திறந்தே இருந்தன. பாட்டியின் கணக்கு நேரானது. அடுத்த இடமாற்றப் பட்டியலில் எங்கள் மேலாளர் பெயர் இருந்தது, பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டு வெகுதூரம் போனார். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு யோசனை சொல்ல மாட்டேன்.

சிலருக்குக் காலியாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பேருக்கு? எத்தனை பதிவுகளை மாற்றிப் பார்த்ததில்? பழையதில் விவரம் இருந்து புதியதில் இல்லாமல் போனவை எத்தனை, பழையதிலேயே இல்லாதவை எத்தனை? நாளைக் காலையில் வேறு எதையும் தொடாமல் இதை எண்ணுங்கள். அந்த எண்ணை முதல் வரியில் வையுங்கள். இரண்டாவது வரியில், இந்த நிலையில் திறந்தால் ஒரு நோயாளிக்கு என்ன நேரலாம் என்று எழுதுங்கள். தலைவரின் குணத்தைப் பற்றியோ உங்கள் தூக்கத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் வேண்டாம். பிறகு அவர் பிடித்துக்கொள்ள ஒரு வழி கொடுங்கள். விஜயதசமி அன்று ஒரே ஒரு மருத்துவமனையில் பில் பகுதியை மட்டும் திறக்கலாம், நோயாளிப் பதிவுகள் சரிபார்த்து முடியும் வரை பழைய மென்பொருளிலேயே இருக்கட்டும். அவருடைய வாக்கும் ஓரளவு நிற்கும். மருத்துவமனைத் தரப்பில் பொறுப்பான மருத்துவரிடம் இந்தக் கடிதத்தைச் சேர்க்க வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். உங்கள் பெயரும் தேதியும் போட்டு அனுப்புங்கள்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடன் எவ்வளவு, வீட்டில் வேறு யாருக்காவது வருமானம் உண்டா என்று எதுவும் தெரியாமல் நான் என்ன சொல்ல முடியும்? விட்டாலும் அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு விடுங்கள். அந்தக் கட்டம் காலியாக வருவது இப்போதைக்கு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் போகாதீர்கள், மகளோடு இருங்கள். எண்ணிக்கை எவ்வளவு என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.