பாரீஸிலிருந்து வந்த மெயிலுக்கு நாச்சியார்கோவிலிலிருந்து என்ன பதில் எழுதுவது?

கேள்வி: நாச்சியார்கோவிலில் மூன்று தலைமுறையாகக் குத்துவிளக்கு வியாபாரம் செய்கிறோம். கொரோனா ஊரடங்கில் என் அக்கா மகன் ஒரு வெப்சைட் செய்துகொடுத்தான். அதன் மூலம் பிரான்ஸ், லண்டன், சிங்கப்பூர் என்று பார்சல் போகிறது. காரைக்காலைப் பூர்வீகமாகக் கொண்ட, பாரீஸில் வசிக்கும் ஓர் அம்மா 18,000 ரூபாய் விளக்கு வாங்கினார். உச்சியில் உள்ள அன்னத்தின் கழுத்தில் விரிசல் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். முடியாது என்றேன். இப்போது, 'உங்கள் தளம் என் அனுமதி இல்லாமல் ஃபேஸ்புக் டிராக்கரை வைத்தது, போகிற இடமெல்லாம் உங்கள் விளக்கு விளம்பரம் வருகிறது. என்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலை எல்லாம் காட்டுங்கள், பிறகு அழியுங்கள், 500 யூரோ நஷ்டஈடு கொடுங்கள்' என்று மெயில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. நம்ம ஊர்க்காரரே இப்படிச் செய்தால் மனது எப்படி ஆறும்? மற்றவர்களை எச்சரிக்க, வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் அந்த மெயிலைப் போட்டேன். விளம்பரம் காட்டியது ஃபேஸ்புக், நான் என்ன செய்தேன்? அவர் மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா? பாரீஸ் சட்டம் என்னை என்ன செய்யும்?

பதில்: அன்னத்தின் கழுத்தில் விரிசல் எங்கே விழுந்தது, பட்டறையிலா கப்பலிலா என்பதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர் காரைக்கால்காரர் என்பதற்கு இன்னொரு பக்கம். இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். அவர் கேட்டிருப்பது வேறு. 'சரி' என்று அவர் சம்மதம் சொல்வதற்கு முன்பே உங்கள் தளம் ஃபேஸ்புக்குக்குத் தகவல் அனுப்பியதா, இல்லையா? இதற்கான விடைதான் இந்த விவகாரம் முழுவதும்.

விடையை நானே பார்த்துவிட்டேன். நீங்கள் கொடுத்திருந்த முகவரியை குரோமில், புது இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்தேன். எதையும் தொடாமல் எஃப்12 அழுத்தி, 'அப்ளிகேஷன்' பகுதியில் குக்கி பட்டியலைப் பார்த்தேன். குக்கி என்பது, வருபவரை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளம் அவருடைய பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு கோப்பு. பக்கம் முழுதாக வருவதற்குள் இரண்டு குக்கிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்று 'எஃப்பிபி', ஃபேஸ்புக் பிக்ஸல், அதாவது தளத்துக்கு வருபவரைப் பற்றி ஃபேஸ்புக்குக்குத் தகவல் அனுப்பும் சிறு நிரல், வைப்பது, ஆயுள் 90 நாள். இன்னொன்று 'ஜிஏ', தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸ் வைப்பது. அது கேட்கும் ஆயுள் 2 வருடம். குரோம் 400 நாளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. கீழே 'இந்தத் தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது' என்று ஒரு பட்டை, அதில் 'ஓகே' என்று ஒரே ஒரு பட்டன். மறுக்க வழியே இல்லை. அந்த அம்மா சொன்னது உண்மை.

ஷாப்பிங் கார்ட்டில் போட்ட பொருளை நினைவில் வைக்கும் குக்கி, லாகின் குக்கி இவற்றுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அவை இல்லாமல் கடையே நடக்காது. மற்றவற்றுக்கு முன்கூட்டியே சம்மதம் வேண்டும் என்பது ஐரோப்பாவில் 2009 திருத்தத்திலிருந்தே இருக்கும் விதி. 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குப் பொருள் விற்க முனைகிற வெளிநாட்டுக் கடையையும் அது பிடிக்கும். 'என் கடை நாச்சியார்கோவிலில்தான் இருக்கிறது' என்ற வாதம், தளத்தை யாரோ எங்கிருந்தோ தற்செயலாகப் பார்த்திருந்தால் நிற்கும். நீங்கள் யூரோவில் விலை போட்டிருக்கிறீர்கள். 'பிரான்ஸுக்கு இலவச டெலிவரி' என்று முகப்பிலேயே எழுதியிருக்கிறீர்கள். அந்த வாதம் உங்களுக்குக் கிடையாது.

'ஃபேஸ்புக் செய்தது, நான் இல்லை' என்பதும் நிற்காது. ஃபேஸ்புக் லைக் பட்டனைத் தன் பக்கத்தில் பொருத்திய ஒரு துணிக்கடைத் தளத்தின் வழக்கில், தகவலைச் சேகரித்து அனுப்பும் கட்டத்துக்குக் கடைக்காரரும் கூட்டுப் பொறுப்பாளி என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. பிக்ஸலுக்கும் அதே தர்க்கம்தான்.

மானநஷ்ட வழக்கை மறந்துவிடுங்கள். உங்களுக்கு மட்டும் வந்த மெயிலில் அவதூறு எழாது. மூன்றாவது ஆள் காதுக்குப் போனால்தான் அவதூறு. மூன்றாவது ஆளுக்குக் கொண்டுபோனவர் நீங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் அவருடைய பெயரும் போன் நம்பரும் தெரிகின்றன. 'என் தகவலை அனுமதி இல்லாமல் வெளியே கொடுத்தார்' என்று புகார் சொல்பவரின் தகவலை அதே வாரத்தில் ஒரு குழுவுக்கே கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையான கவலை தந்தது இந்த ஒரு வரிதான். இன்றே எடுங்கள். முடியாவிட்டால் குழு அட்மினைக் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். யாராவது வேறு குழுவுக்கு அனுப்பியிருந்தால் அவரிடமும் பேசுங்கள்.

சரி, பாரீஸ் சட்டத்தால் என்ன ஆகும்? கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ என்று பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் அபராதம் அறிவித்தது. குக்கியை ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்ததுதான் குற்றம். உங்களை அந்த அளவில் யாரும் துரத்தப்போவதில்லை. 500 யூரோவும் வாயில் வந்த தொகைதான். விதியை மீறினார் என்பது மட்டும் போதாது, பாதிப்பு நேர்ந்ததைக் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது. ஆனால் பாதிப்பு இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அளவு எதுவும் வைக்கவில்லை. வெறும் கூகுள் எழுத்துருவுக்காகப் பார்வையாளரின் ஐபி முகவரியை அனுப்பிய ஒரு தளத்துக்கு மியூனிக் நீதிமன்றம் 2022இல் 100 யூரோ விதித்தது. உங்கள் விவகாரத்தின் எடை ஏறக்குறைய அந்தப் பக்கம்தான்.

அவர் பாரீஸிலேயே வழக்குப் போடலாம். 'தஞ்சாவூர் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்' என்று உங்கள் தளத்தில் இருக்கும் வரி ஐரோப்பிய நுகர்வோரைக் கட்டாது. அங்கே அவர் ஜெயித்தாலும் அந்தத் தீர்ப்பாணையை நேரே இங்கே நிறைவேற்ற முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் பட்டியலில் பிரான்ஸ் இல்லை. இங்கே புதிதாகப் பிராது போட வேண்டும். இதைக் கேட்டு நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். அதே பட்டியலில் பிரிட்டனும் சிங்கப்பூரும் இருக்கின்றன. லண்டன் வாடிக்கையாளர் ஒருவர் அங்குள்ள மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினால், அது தஞ்சாவூர் மாவட்ட நீதிமன்றத்தில் நம் ஊர்த் தீர்ப்பாணை போலவே நிறைவேறும். பிரிட்டனின் குக்கி விதி ஐரோப்பாவின் விதியை ஒட்டியதுதான். இந்த அம்மாவை எதிர்த்து நீங்கள் ஜெயிப்பதால் அடுத்தவரிடமிருந்து தப்ப முடியாது.

இனி, பதில் எழுதும்போது விழக்கூடிய குழிகளுக்கு வருகிறேன். இப்படி மெயில் வந்த கட்சிக்காரர்கள் மெயிலால் கெடுவதில்லை, தாங்கள் எழுதும் பதிலால்தான் கெடுகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தோடு, 'நாங்கள் யாருடைய தகவலையும் சேகரிப்பதில்லை' என்று ஒரு வரி தட்டிவிடுவார்கள். எஃப்12 அழுத்தத் தெரிந்த யாரும் அந்த வரியைப் பொய் என்று இரண்டு நிமிஷத்தில் காட்டிவிடலாம். அதுவரை கவனக்குறைவாக இருந்தது அந்த வரியோடு ஏமாற்றாக மாறிவிடும். இன்னும் சிலர் பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் பிரைவசி பாலிசியை எடுத்துத் தங்கள் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவார்கள். 'உங்கள் தகவலை மூன்றாம் தரப்புக்குத் தருவதில்லை' என்று மேலே வாசகம் இருக்கும், அதே பக்கத்தின் அடியில் பிக்ஸல் ஓடிக்கொண்டிருக்கும். தஞ்சாவூர் ஓவியம் விற்கும் ஒருவர் 'எங்கள் தகவல் பாதுகாப்பு அதிகாரியை அணுகவும்' என்ற வரியோடு அப்படி ஒட்டிவிட்டார். எதிர்த்தரப்பு அந்த அதிகாரியின் பெயரைக் கேட்டது. கடையில் இருந்ததே அவரும் அவர் மனைவியும்தான்.

அடுத்த குழி, பயந்துபோய் எல்லாவற்றையும் அழிப்பது. பிக்ஸலை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுப்பதற்கு முன் இன்றைய நிலையைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால், மின்னணு ஆவணத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அவருடைய பில்லை அழிக்கக் கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்குரிய கடைசி தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 'பில்லும் ஏற்றுமதி ஆவணமும் வரிச் சட்டத்துக்காக வைத்திருக்கிறோம், மற்றவற்றை அழித்துவிட்டோம்' என்று நேராக எழுதினால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். 'எல்லாம் அழித்தாயிற்று' என்று எழுதிவிட்டு ஆடிட்டரிடம் பில் இருந்தால்தான் வம்பு.

மூன்றாவது குழி, பொம்மைப் பேனர், அதாவது பெயருக்கு மட்டும் சம்மதம் கேட்கும் பட்டை. உங்கள் அக்கா மகன் ஒரு மணி நேரத்தில் 'ஏற்கிறேன், மறுக்கிறேன்' என்று இரண்டு பட்டன் வைத்துக் கொடுத்துவிடுவான். 'மறுக்கிறேன்' அழுத்திய பிறகும் 'எஃப்பிபி' பட்டியலில் வந்தால், பேனர் இல்லாததைவிட அது மோசம். ஒருவர் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டே செய்ததாக ஆகும். நான் சொன்னபடி இன்காக்னிட்டோவில் திறந்து, மறுப்பை அழுத்தி, பக்கத்தைப் புதுப்பித்து, நீங்களே உங்கள் கண்ணால் பட்டியலைப் பாருங்கள். உங்கள் அளவு கடைக்கு பிக்ஸலும் அனலிடிக்ஸும் வேண்டுமா என்றும் யோசியுங்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அவை இல்லாவிட்டால் பேனரும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை.

ராஜியாகப் போங்கள். கேட்ட தகவலைத் தர ஜிடிபிஆர் கொடுக்கும் கெடு ஒரு மாதம். மூன்று வாரம் போய்விட்டது. அவருடைய பெயர், முகவரி, ஆர்டர், பணம் வந்த விவரம், பிக்ஸலும் அனலிடிக்ஸும் ஓடியது, இப்போது நிறுத்தப்பட்டது ஆகியவற்றை ஒரே மெயிலில் எழுதுங்கள். ஒரு வரி வருத்தம் தெரிவியுங்கள். விரிசலைப் பற்றி விவாதிக்காதீர்கள். கூடவே விளக்கின் 18,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். பெருந்தன்மைக்காக இதைச் சொல்லவில்லை. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப ஐரோப்பிய நுகர்வோருக்கு உரிமை உண்டு. அதை விற்பவர் முன்பே தெரிவிக்காவிட்டால் இன்னும் 12 மாதம் நீளும். உங்கள் தளத்தில் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்றுதான் இருக்கிறது. இந்த உரிமை அவர் கண்ணில் இன்னும் படவில்லை. படுவதற்குள் முடியுங்கள். பணம் எந்தப் பேமென்ட் கேட்வே வழியாக வந்ததோ அதே வழியாகத் திரும்பட்டும். 'இத்துடன் என் கோரிக்கைகள் அனைத்தும் முழுமையாகத் தீர்ந்தன' என்று அவர் மெயிலில் எழுதிய பிறகு அனுப்புங்கள். 500 யூரோவைப் பற்றி நீங்களாக வாயைத் திறக்க வேண்டாம். அவர் விடாப்பிடியாக நின்றால் 100 யூரோ வரை போகலாம், அதற்கு மேல் என்னைக் கேட்காமல் போகாதீர்கள். இந்த ராஜி அவரை மட்டும்தான் கட்டும், பிரான்ஸ் ஆணையத்தைக் கட்டாது. அதனால் தளத்தைச் சரிசெய்த பிறகே பதில் போக வேண்டும்.

உள்ளூர் வாடிக்கையாளர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம், அறிவிப்பு முதலிய முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் முதல் கட்டாயம். அதில் குக்கி என்ற சொல்லே கிடையாது. தனிநபர் தகவல் என்பதற்குள் இதுவும் அடங்கும். வாடிக்கையாளர் கேட்டால் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வசதி வேண்டும். தளம் செய்துகொடுத்தவரோடு என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் பொறுப்பு கடைக்காரருடையதே என்று 8ஆம் பிரிவு சொல்கிறது.

அதனால் அக்கா மகனோடு சண்டைக்குப் போகாதீர்கள், குறைந்தது இந்த வாரம். பிக்ஸல் உங்கள் பெயரில் இருக்கிறதா, அவனுடைய ஃபேஸ்புக் பிசினஸ் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல கடைகளுக்கும் ஒரே கணக்கில் வைத்து ஓட்டும் பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது. அப்படியானால் உங்கள் கடைக்கு வந்தவர்களின் தடம் அவன் கையில் இருக்கிறது. வேறு கடை விளம்பரத்துக்கும் அது பயன்படலாம். டொமைன், ஹோஸ்டிங், அனலிடிக்ஸ், பிக்ஸல் நான்கின் உரிமையும் உங்கள் மெயிலுக்கு மாறி, பாஸ்வேர்டுகளை நீங்கள் மாற்றிய பிறகு அவனிடம் பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளுங்கள்.