டீடிஎம் விளையாடினால் சின்னப்பிள்ளையா?

கேள்வி: ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். போனில் ஆடும் சுடுகிற விளையாட்டான பப்ஜியில், கடைசி ஆள் மிஞ்சும்வரை அடிபடுகிற கிளாசிக்கை விட்டுவிட்டு, இரண்டு அணி மோதுகிற டீடிஎம் (டீம் டெத்மட்ச்) மட்டும்தான் விளையாடுகிறேன். “அது சின்னப்பிள்ளை விளையாட்டு, உண்மையான ஆட்டத்துக்கு வா” என்று பொடியள் நக்கலடிக்கிறார்கள். எனக்குப் பிடித்த துவக்கு ஏகேஎம். ஆனால் தூரத்தில் நிற்பவனுக்குச் சுட்டால் குறி வானத்துக்குப் போகிறது. மாற்றவா? இன்னொன்று, போனில் வெடிச்சத்தம் கேட்டால் அம்மா எழும்பி முற்றத்துக்குப் போய்விடுகிறா. (பெயர் வேண்டாம், தர்மபுரம்)

பதில்: தம்பி, அந்த ‘உண்மையான ஆட்டம்’, அதாவது கிளாசிக், எங்கிருந்து வந்தது என்று உங்கள் பொடியளிடம் ஒருக்கால் கேளுங்கள். ஆர்மா 2 என்று ஓர் இராணுவ விளையாட்டு இருந்தது. அதன்மேல் 2012 இல் டீன் ஹால் என்பவர் டேஇசட் என்ற மொட் (இருக்கிற விளையாட்டை மாற்றிச் செய்யும் பதிப்பு) ஒன்றைக் கட்டினார். அதையும் பிரித்து மேய்ந்து, கடைசி ஆள் மிஞ்சும்வரை அடிபடுகிற இன்னொரு மொட் செய்தவர் பிரெண்டன் கிரீன். அந்த யோசனைதான் வளர்ந்து 2017 இல் பப்ஜியானது, அடுத்த வருடமே போனுக்கும் வந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற விளையாட்டும் 1999 இல் ஹாஃப்-லைஃப் என்ற இன்னொரு விளையாட்டின் முதுகில் ஏறி வந்ததுதான். திண்ணையில் படுக்க வந்தவன் வீட்டுக்காரன் ஆன கதை. ஆகவே பக்க ஆட்டம் என்று எதையும் தள்ளிவைக்க எனக்கு மனம் வராது.

கிளாசிக்கில் நூறு பேர் இறங்குகிறார்கள். பத்து நிமிடம் வீடு வீடாக லூட் (துவக்கு, குண்டு, சாமான்) பொறுக்கி, ஒரு மேகசின்கூட முடியாமல், எங்கிருந்தோ வந்த சூட்டில் சாவீர்கள். டீடிஎம்மில் நாலுக்கு நாலு, முதலில் நாற்பது கில் எடுத்த பக்கம் வெற்றி. செத்தால் உடனே திரும்பி வரலாம். கை பழகுவது இங்கேதான். சிக்னல் விழுந்தாலும் போவது ஒரு சின்ன ஆட்டம், அரை மணித்தியாலம் இல்லை. போன மாதம் முறிகண்டியில் பஸ் நின்றபோது, ஆட்கள் கும்பிட்டுக் கச்சான் வாங்கி ஏறுவதற்குள் என் பக்கத்து சீட் பொடியன் ஓர் ஆட்டத்தில் முக்கால்வாசியை ஓட்டிவிட்டான். கச்சான் தோல் ஒட்டிய பெருவிரலோடு!

துவக்குக்கு வருவோம். ஏகேஎம்மின் 7.62 குண்டு ஒவ்வொன்றும் பலமாக விழும், ஆனால் அதற்குக் கிரிப் (முன்கைப்பிடி) மாட்ட இடமில்லை. அதனால் ரீகொயில் (சுடும்போது துவக்கு உதைப்பது) உங்கள் விரலின் பொறுப்பு. எம்416 என்ற மற்றத் துவக்கின் 5.56 குண்டு கொஞ்சம் மெலிவு. ஆனாலும் கிரிப், ஸ்டாக் எல்லாம் மாட்டி அடக்கி வைக்கலாம். டீடிஎம்மின் கிட்டச் சண்டைக்கு ஏகேஎம்மே போதும், விடாதீர்கள். தூரத்துக்கு அழுத்திப் பிடிக்காமல் இரண்டு மூன்றாகத் தட்டிச் சுடுங்கள். கிளாசிக்குக் கூப்பிட்டால் எம்416 எடுத்துப் போங்கள். விமானம் போடும் பெட்டியில் (ஏர்டிராப்) வரும் ஏடபிள்யூஎம் என்ற தூரத் துவக்குக்கு ஆசைப்பட்டு வெளியில் ஓடுபவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஓடியிருக்கிறேன்.

அம்மாவின் விஷயம். “விளையாட்டுத்தானே அம்மா” என்று விளக்கப் போகாதீர்கள். 2009 யுத்தத்தைத் தாண்டி வந்தவ, அது விளையாட்டு என்று அவவுக்குத் தெரியும். இருந்தாலும் காது கேட்டுக்கொண்டுதானே இருக்கும். இன்றைக்கே ஒரு ஹான்ட்ஸ்பிரீ வாங்குங்கள். உங்களுக்கும் இலாபம்: காலடிச் சத்தம் இடமிருந்தா வலமிருந்தா வருகிறது என்பது போனின் ஸ்பீக்கரில் சரியாகப் பிடிபடாது, இரண்டு காதிலும் மாட்டினால் பிடிபடும். அம்மா சாப்பிடக் கூப்பிடுவது கேட்காமல் போகும், அது ஒன்றுதான் சிக்கல். டீடிஎம் என்றால் பத்து நிமிடத்தில் தலை நிமிர்ந்து பார்க்கலாம்.