கருமருந்துத் தோட்டாவை மறுநிரப்ப எந்தக் கருவிகளை வாங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1874-ஆம் ஆண்டு ஷார்ப்ஸ் மாதிரியைப் பார்த்து இக்காலத்தில் செய்யப்பட்ட, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் ஏற்றக்கூடிய ரைபிள் ஒன்றை உரிமத்துடன் வாங்கியிருக்கிறேன். தோட்டா .45-70 கவர்ன்மென்ட். சுட்ட பித்தளைக் கூடுகளை, பழங்கால வெடிமருந்தான கருமருந்தை மட்டுமே கொண்டு நானே மறுநிரப்ப எண்ணம். கடைக்காரர் முழுத் தொகுப்பு ஒன்றைப் பரிந்துரைக்கிறார்: கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு தோட்டா தயாராகி விழும் பலநிலைப் பிரஸ், பிளாஸ்டிக் புனல் வைத்த மருந்தளப்பான், மின்தராசு, கூட்டை வடிவமைத்துக் குண்டைப் பொருத்தும் மூன்று டைகள் (அச்சுகள்). தனித்தனியாக வாங்குவதைவிட விலை குறைவு என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தொகுப்பின் தரத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது இக்காலத் தோட்டாக்களில் இடும் புகையற்ற மருந்துக்காகச் சேர்க்கப்பட்டது. அதில் பாதி உங்களுக்குப் பயன்படாது. உங்களுக்குத் தேவையானதில் பாதி அதில் இல்லை.

அமெரிக்க இராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட இத்தோட்டாவின் பெயரிலேயே அதன் அளவு அடங்கியிருக்கிறது: 0.45 அங்குலக் குழல், 70 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ நாலரை கிராம் கருமருந்து. அதன்மேல் தொடக்கத்தில் 405 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு அமர்ந்தது. கருமருந்து கூட்டுக்குள் குண்டின் அடிவரை நிரம்பியிருக்க வேண்டும். இடையே காற்றுவெளி விட்டால் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையில் வளையம்போல் வீக்கம் விழும் அபாயம் உண்டு. அதே வேளையில், இன்றைய பித்தளைக் கூடுகளின் அடிப்பாகம் பழங்காலக் கூடுகளைவிடத் தடித்திருப்பதால் உள்ளே கொள்ளும் அளவு குறைந்துவிட்டது. பழைய அளவு மருந்தை அப்படியே கொட்டினால் குண்டுக்கு இடம் போதாது. ஆகவே மருந்தை நெருக்கமாகப் படியவைத்துப் பின்னர் அழுத்தியாக வேண்டும். உங்கள் பணம் போக வேண்டிய இடம் இதுதான்.

முதலில் பிரஸ். ஒரு நேரத்தில் ஒரு டையை மட்டும் பொருத்தும் ஒற்றைநிலைப் பிரஸ்ஸே போதும். வார்ப்பிரும்பால் ஆன, சட்டம் முழுவதும் மூடிய வட்டமாக உள்ள வகையாகப் பாருங்கள். மருந்தை அழுத்தும் வேலையும் அதன்மேல்தான் விழும் என்பதால், ஒரு பக்கம் திறந்த இலேசான அலுமினியச் சட்டம் நாளடைவில் வளைந்து கொடுக்கும். பலநிலைப் பிரஸ்ஸை நான் மறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதில் பிரைமர்கள், அதாவது அடிபட்டதும் தீப்பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அருகிலேயே மருந்து நிறைந்த புனல் நிற்கும். ஒரு பிரைமர் தவறி வெடித்தால், புகையற்ற மருந்து பற்றி எரிவதற்கும் கருமருந்து ஒருங்கே வெடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த நொடியில் அறிய நேரிடும். எவ்வகைப் பிரஸ்ஸுக்கு அருகிலும் புனல் நிறைய கருமருந்தை வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது அழுத்தும் டை. சாதாரண மூன்று டைத் தொகுப்பில் இது இராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மருந்தின்மேல் அட்டைத் தக்கை ஒன்றை வைத்து, டைக்குள் உள்ள தட்டையான தண்டினால் மெதுவாக, வேண்டிய ஆழம்வரை இறுக்குவது இதன் பணி. இதை மிச்சப்படுத்த நினைத்துக் குண்டைக் கொண்டே மருந்தை அழுத்துபவர்கள் உண்டு. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்த மென்மையான குண்டு அந்த விசையைத் தாங்காது. அடி பிதுங்கி வடிவம் கெட்டுவிடும். பிறகு இலக்கில் குண்டுகள் சிதறுவதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவதாக, கூட்டின் வாயை விரிக்கும் டை. தொகுப்பில் இது இருக்கும், ஆனால் பெரும்பாலும் செம்புறை போர்த்திய 0.458 அங்குலக் குண்டுக்கு ஏற்றபடி அதன் முளை குறுகலாக இருக்கும். நீங்கள் போடப்போவதோ 0.459 அல்லது 0.460 அங்குல ஈயக் குண்டு. குறுகிய வாய்க்குள் அதைத் திணித்தால் பித்தளையே குண்டைச் சுருக்கிவிடும். சுருங்கிய குண்டு குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டிய காடிகளை நிறைக்காமல் ஈயத்தைப் பூசிக்கொண்டே செல்லும். குண்டின் விட்டத்தைவிட 0.001 அல்லது 0.002 அங்குலம் மட்டும் குறைவான முளையைத் தனியே வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். விலை சொற்பம், பலன் பெரிது. எந்த அளவுக் குண்டு என்பதைத் தீர்மானிக்கும் முன், மென்மையான ஈயத்துண்டு ஒன்றைக் குழலின் வழியே தள்ளி, காடிகளின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்து கொள்வது நல்லது. அந்த அளவு தெரியாமல் குண்டு வார்க்கும் வார்ப்பச்சு வாங்குவது, காலை அளக்காமல் செருப்புத் தைக்கக் கொடுப்பதைப் போன்றது.

மருந்தளப்பானைப் பொறுத்தவரை, கருமருந்துக்கென்றே பித்தளையும் அலுமினியமும் கொண்டு செய்யப்படுபவை கிடைக்கின்றன. பிளாஸ்டிக்கில் உண்டாகும் நிலைமின் பொறி கருமருந்தைப் பற்றவைக்குமா என்ற வாதம் அனுபவசாலிகளிடையே ஓயாமல் நடக்கிறது. அந்த வாதத்தில் வெற்றி பெறுவதைவிட, பொறி எழுப்பாத உலோகக் கருவியை வாங்கிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பது மேல். மோட்டாரால் இயங்கித் தானே மருந்து கொட்டும் மின்கருவிகளும் இதே காரணத்தால் ஏற்றவையல்ல. 0.1 கிரெய்ன்வரை காட்டும் சாதாரணத் தட்டுத் தராசு ஒன்று போதும்.

இவற்றுடன் சுமார் 60 செ.மீ. நீளமுள்ள பித்தளைக் குழாய் ஒன்று வேண்டும். அதன் வழியே மருந்தை நிதானமாகக் கொட்டினால், துகள்கள் விழும் வேகத்திலேயே நெருங்கிப் படிந்து, அழுத்தும் டையின் வேலையைப் பாதியாக்கிவிடும். இப்பட்டியலிலேயே மலிவான பொருளும், பலர் வாங்க மறந்துவிடும் பொருளும் இதுதான்.

கேள்வி: பின்னாளில் .45-110 தோட்டாவுக்கான துப்பாக்கியும் வாங்க ஆசை. அதற்கும் இதே பிரஸ் உதவுமா?

பதில்: பிரஸ்ஸின் திறப்பு உயரத்தைப் பார்த்து வாங்கினால் உதவும். .45-70 கூட்டின் நீளம் 2.105 அங்குலம்; .45-110 கூடு இரண்டே முக்கால் அங்குலத்தையும் தாண்டியது. அதன்மேல் நீண்ட குண்டையும் வைத்து டைக்கு அடியில் நுழைக்க இடம் வேண்டும். கடையிலேயே கைப்பிடியை முழுதும் மேலே தூக்கி, டையின் அடிக்கும் கூடு தாங்கும் பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். டைகளின் மரை பெரும்பாலும் எட்டில் ஏழு அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 சுற்றும் கொண்ட பொது அளவுதான், ஆனால் பழைய பிரிட்டிஷ் இராணுவ ரைபிளான மார்ட்டினி-ஹென்றியின் .577/450 போன்ற பருத்த கூடுகளுக்கு அதைவிடப் பெரிய டை தேவைப்படக்கூடும் என்பதால், அந்தப் பக்கம் ஆசை திரும்புமானால் பிரஸ்ஸின் மேற்பகுதியில் உள்ள உள்வளையத்தைக் கழற்ற முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: குண்டுக்குப் பூசும் மசகு எதுவானாலும் சரியா? புகையற்ற மருந்துக் குண்டுகளுக்கான மசகு கைவசம் நிறைய இருக்கிறது.

பதில்: அதை அப்படியே வைத்திருங்கள். பெட்ரோலிய வகை மசகு கருமருந்தின் கசடுடன் சேர்ந்து தார்போல் இறுகி, சில சுற்றுகளிலேயே துல்லியத்தைக் கெடுக்கும். தேன்மெழுகையும் விலங்குக் கொழுப்பையோ தாவர எண்ணெயையோ கொண்ட மசகு கசடை மென்மையாக வைத்திருக்கும். வார்ப்பச்சு வாங்கும்போதும் இதே நினைவு வேண்டும்: ஆழமான, அகன்ற மசகுக் காடிகள் உள்ள குண்டையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கூடுகளைச் சுத்தம் செய்யச் சுழல்கலம் அவசியமா?

பதில்: முதல் ஆண்டில் அவசியமில்லை. கருமருந்தின் எச்சம் ஈரத்தை உறிஞ்சிப் பித்தளையை அரிப்பதால், சுட்ட அன்றே பிரைமரை நீக்கி, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, நன்கு உலர்த்த வேண்டும். கறுத்த நிறம் எஞ்சினால் கவலையில்லை. அம்மோனியா கலந்த பளபளப்பூட்டிகளை மட்டும் தொடாதீர்கள். அவை பித்தளையில் வெடிப்பு விழச் செய்யும்.

கேள்வி: பழைய கருவிகள் பாதி விலைக்கு வருகின்றன. நம்பி வாங்கலாமா?

பதில்: ஒற்றைநிலைப் பிரஸ் என்றால் தாராளமாக வாங்கலாம்; கூட்டை மேலே தள்ளும் தண்டை மேலேற்றிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, கையில் தெரியும்படி ஆடினாலோ சட்டத்தில் விரிசல் தென்பட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டைகளின் உட்புறத்தை விளக்கடியில் பாருங்கள். துருக்குழிகள் இருந்தால் ஒவ்வொரு கூட்டிலும் கீறல் விழும். பழைய மருந்தளப்பானை வாங்கினால், முந்தைய உரிமையாளர் எந்த மருந்தைப் பயன்படுத்தினார் என்பதை அவர் வாய்மொழியை நம்பி முடிவு செய்ய வேண்டாம். உருளையைக் கழற்றி, மூலைகளில் ஒட்டியிருக்கும் துகள்வரை துடைத்தெடுத்த பின்னரே உங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள். அதற்குள் மிஞ்சியிருப்பது புகையற்ற மருந்தாக இருந்து, அது உங்கள் கருமருந்துடன் கலந்து கூட்டுக்குள் போனால், என்ன அழுத்தம் உண்டாகும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. பாதி திறந்த மருந்துப் புட்டியை அவர் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தால், நன்றி சொல்லி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.